பத்துப் பேர் காத்த கோட்டை

பத்துப் பேர் ஒரு படையை எப்படித் தடுத்திருக்க முடியும்? பேச்சியம்மாளுக்கு அது விளங்கவேயில்லை. பத்து வீரர்கள் மூன்று மாதம் இந்தக் கோட்டையைக் காத்தார்கள் என்று மலையடிவாரத்து நீல போர்டில் போட்டிருந்தது. எப்படி என்று போடவில்லை.

நெய்வேலியிலிருந்து தங்கள் குடியிருப்பு பிளாக் ஆட்களோடு பஸ்ஸில் சுற்றுலா வந்திருந்தாள். ஏறும் வழியெல்லாம் கணவன் பரமசிவம் அவள் மணிக்கட்டை விடவேயில்லை.

"பாருங்கடி, கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இன்னும் கைய விட மனசில்ல!" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கனகம் கேலி செய்தாள். பாதி மலையிலேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

"நீங்க இறங்கி பஸ்ஸுல போயிருங்க. நாங்க திண்டிவனத்துல சித்தப்பா வீட்டுல தங்கிட்டு வாரோம்" என்றான் பரமசிவம்.

அவனுக்குத் திண்டிவனத்தில் சித்தப்பா யாரும் கிடையாது.

இரண்டு தடவை அண்ணன் வீட்டுக்கு ஓடப் பார்த்தவள் பேச்சியம்மாள். இரண்டு தடவையும் ரயில் வருமுன்னே விருத்தாசலம் ஸ்டேஷனுக்கு அவன் வந்துவிட்டான். தேய்ந்த கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய ரப்பர் வார் ஒன்று எப்போதும் அவன் பையில் இருக்கும். அதன் தடம் அவள் முதுகு முழுக்க இருந்தது. ஒரே ஒரு ராத்திரி முந்திக்கொண்டால் அண்ணன் வாசலை மிதித்துவிடலாம்.

உச்சிக்குக் கீழே, தாண்ட முடியாத அகலத்துக்குப் பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. குறுக்கே பாலமாக நீளப் பலகை ஒன்று; உச்சிக்கு வேறு வழி கிடையாது. அதன் பெரும்பகுதி இந்தப் பக்கம், மர உருளைகளின்மேல். காவல்காரர் சாமிக்கண்ணு அதை இழுத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

"ராவுல ஆடுங்க மேல ஏறி வுழுந்துடுது சார். இத்த இழுத்துப் போட்டாத்தான் நான் வூட்டுக்குப் போவ முடியும். அசைய மாட்டேங்குது."

"கனத்தை இழுக்கக்கூடாதுய்யா, உருட்டணும். எங்க மைன்ஸ்ல பெல்ட் பூரா ரோலர்லதான் ஓடுது."

உருளைகளில் அடைந்திருந்த மண்ணைப் பரமசிவம் சுரண்டி எடுத்தான். கோயில் விளக்குக்கென்று காவல்காரர் வைத்திருந்த எண்ணெயை அச்சில் ஊற்றினான். ஒரு கையால் இழுத்ததும் பலகை வழுக்கி வந்தது. தள்ளியதும் போய் எதிர்ப்பாறையில் உட்கார்ந்தது.

"பாத்தீரா? இப்ப இந்த உதவாக்கரைகூட இழுப்பா!"

"அப்ப எறங்கும்போது நீங்களே இழுத்துப் போட்டுகினு வந்துடுங்க சார். நான் காலைலதான் வருவேன்." சாமிக்கண்ணு சந்தோஷமாக இறங்கிப் போனார்.

உச்சியில் இடிந்த மதிலும் காற்றும் மட்டும் இருந்தன. பயத்தை மறைக்கப் பேச்சியம்மாள் வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "ஏங்க, பத்துப் பேரு எப்படிங்க தடுத்திருப்பாங்க?"

எந்த மெஷினும் எப்படி ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. பளாரென்று அறைந்தான்.

"கேள்வியா கேக்குற? பால்காரிக்கிட்ட முதுகைக் காட்டினியாமே! இன்னைக்கு நீ முழுசா இறங்குறியான்னு பாக்கேன்."

வார் பையிலிருந்து வந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதைக் கிழித்தது. கொண்டையைப் பிடித்து மதிலில் மோதினான். வளையல்கள் நொறுங்கின. கண்ணில் ரத்தம் வழிய, கைக்கு அகப்பட்ட செங்கல்லால் அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அவன் அலறி மடங்கினான். அவள் ஓடினாள்.

"ஓடுடி, ஓடு! விருத்தாசலத்துலதான நிப்ப!" நொண்டிக்கொண்டே சிரித்தபடி பின்னால் வந்தான்.

பேச்சியம்மாள் பலகையைக் கடந்தாள். திரும்பினாள். குனிந்தாள்.

அவன் வந்து நின்றபோது செருப்பு நுனிக்குக் கீழே வெறும் ஆழம்தான் இருந்தது. பலகை மொத்தமும் எதிர்ப்பக்கம், அவள் காலடியில் கிடந்தது.

"ஏய்! அதைத் தள்ளுடி இங்க!"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"பத்துப் பேரு எதுக்குங்க? பலகையை நம்ம பக்கம் இழுத்துட்டா, ஒருத்தியே போதும்."