மலைப்பாதையின் பலகை

மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. 'மூடுபனியில் மேலே போகாதீர்கள், பள்ளம் தெரியாது' என்று அதில் எழுதியிருந்தது. வருகிறவர்கள் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுப்பார்கள், ஈரச் சாக்ஸைக் காயப்போடுவார்கள். படிக்க மட்டும் மாட்டார்கள்.

அன்று மூடுபனியோடு வந்த காற்று கேலி செய்தது. "உன்னை எவன் மதிக்கிறான்? ஒரே தள்ளில் சாய்த்துவிடுவேன்."

"சாய்த்துத்தான் பாரேன்!" என்றது பலகை.

காற்று வெறியோடு மோதியது. ஒரு கால் முறிந்தபோது, பலகை மற்றக் காலை ஊன்றி உடம்பைத் திருப்பி, பாதைக்குக் குறுக்கே மல்லாந்து விழுந்தது.

பனிக்குள் விறுவிறுவென்று வந்த ஒருவன் அதில் தடுக்கி விழுந்தான். "எந்தச் சனியன்டா இதை இங்கே போட்டது!" என்று கத்தினான். முட்டியைத் தேய்த்துக்கொண்டே குனிந்து படித்தான். பிறகு மேலே ஏறாமல், நொண்டிக்கொண்டே வந்த வழியே கீழே இறங்கினான்.

பலகை காற்றிடம் சொன்னது: "முடிந்தால் இப்போது என்னைத் தூக்கி நிறுத்து, பார்க்கலாம்!"