காதுகுத்தும் கறுப்புச் சட்டையும்

"காங்கிரஸ்காரன் வீட்டு வாசப்படிய இனி நான் மிதிக்க மாட்டேன்!"

"கறுப்புச் சட்டையோட இங்கிட்டு யாரும் வரவும் வேணாம்!"

முதலில் கத்தியவர் பொன்னுத்தாயின் அண்ணன் இருளாண்டி. பதிலுக்குக் கத்தியவர் அவள் புருஷன் சந்தனம்.

எல்லாம் கறம்பக்குடிச் சந்தையில் யாரோ பத்திரிகை வாசித்ததால் வந்த வினை. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை. அதற்குள் டெல்லியில் ஒரே மந்திரிசபைக்குள் காங்கிரஸும் இன்னொன்றுமாக இரண்டு கட்சியாம். ஒருத்தர் டீக்குக் கூப்பிட்டால் இன்னொருத்தர் போவதில்லையாம். ஒரு காரியமும் நகரவில்லையாம். காரியம் கெடுவதே காங்கிரஸால்தான் என்று இருளாண்டி கத்த, மாப்பிள்ளையும் மச்சானும் இங்கே மல்லுக்கு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பொன்னுத்தாய்க்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லி அண்ணனக் கூப்பிடுங்களேன்."

"சொன்னது சொன்னதுதான்."

அண்ணனிடம் ஓடினாள்.

"என் புள்ளைய யாரு மடியில வைக்கிறதுண்ணே?"

"நான் சொன்னதும் சொன்னதுதான் ஆத்தா."

இந்த இரண்டு மந்திரிகளையும் கட்டி மேய்ப்பது அவளால் ஆகிற காரியமா?

வெள்ளிக்கிழமை ஆசாரி ஊசியோடு வந்துவிட்டார். விடியுமுன் வெளியே போன சந்தனத்தைக் காணோம். எங்கே போனார், எதற்குப் போனார், ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல நேரம் போகுதும்மா. வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திரலாமா?"

"என் அண்ணன் உசுரோட இருக்கையிலயா?" பொன்னுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது படியேறி வந்தார் இருளாண்டி. உடம்பில் கதர்ச் சட்டை, தலையில் கதர்க் குல்லா!

"என்னண்ணே இது?"

"கறுப்புச் சட்டையோடதானே வரக் கூடாதுன்னாரு? அதக் கழட்டிட்டேன். நானே காங்கிரஸ்ல சேர்ந்துட்டேன். எங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அப்போதுதான் திரும்பி வந்து வாசலில் திகைத்து நின்றார். போட்டிருந்தது கறுப்புச் சட்டை.

"காங்கிரஸ்காரன் வீட்டுக்கு வர மாட்டேன்னீங்களே மச்சான்... அதான் நான் ஒங்க கட்சிக்கு வந்துட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் ஆசாரிதான்.

தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழ, காதுகுத்து முடிந்தது. பொன்னுத்தாய்க்கு மனசு நிறைந்துவிட்டது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டாள்.

குழம்பு ஊற்றுவதற்குள் சந்தனம் ஆரம்பித்தார். "என்ன இருந்தாலும் மச்சான், டெல்லியில காரியம் கெடுறது ஒங்க காங்கிரஸாலதான்."

போன வாரம் இருளாண்டி கத்திய அதே வார்த்தை!

"எங்க காங்கிரஸையா சொல்றீங்க?" இருளாண்டி விருட்டென்று எழப் போனார்.

பொன்னுத்தாய் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"விடிய விடிய சண்டை போடுங்க, நான் கேக்க மாட்டேன். எலைய விட்டு மட்டும் எந்திரிக்கக் கூடாது. அந்த டெல்லிக்காரவுக பண்ற தப்பே அதுதான்!"