மார்கழி வாசல்

கரண்ட் போனதில் ஞானாம்பாளுக்குத்தான் சந்தோஷம். மின்விசிறி நின்றால் கூடத்துப் பேச்சு அடுப்படிக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும்.

கூடத்தில் அவள் புருஷன் பழனிவேல் கவிதை வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே கடலூர் முதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்த ஆரோக்கியராஜ். பக்கத்தில் கம்மாபுரம் இளவரசு. மாதத்தில் ஒரு ஞாயிறு இந்தச் சிதம்பரம் வீட்டில் மூன்று கவிஞர்களும் கூடுவார்கள். ஒருவர் கவிதையை மற்றவர்கள் திருத்துவார்கள். பஜ்ஜி இருக்கும்வரை விமர்சனமும் இருக்கும்.

கவிதைக்கெல்லாம் காது கொடுக்கிறவள் இல்லை ஞானாம்பாள். ஆனால் இந்தக் கவிதையில் ஒரு பொம்பளை இருந்தாள்.

முதன்முதலில் வாசித்தபோது அவளுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல். ஞானாம்பாளுக்கு இருப்பதோ எலிவால்.

யாரவள்?

"கவிதை எழுதுற ஆம்பளய நம்பாதக்கா" என்று எதிர்வீட்டு லோகநாயகி வேறு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள்.

கூந்தல் அரதப்பழசு என்றார் ஆரோக்கியராஜ். பழனிவேல் கூந்தலை வெட்டினார். நீலப்புடவை உறுத்துகிறது என்றார் இளவரசு. அடுத்த மாதம் புடவையும் போயிற்று. இரண்டு பேர் சொல்லச் சொல்ல ஒருத்தர் உரிக்கிறார், இதற்குப் பெயர் இலக்கியம் என்று ஞானாம்பாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

அவள் வயிற்றுவலியைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்ததிலிருந்தே மனுஷன் சரியில்லை. வெறும் புண்ணுதான், மாத்திரையில் ஆறிவிடும் என்றவர், அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பேசுவதில்லை. தையில் நிச்சயித்த மகள் தமிழ்ச்செல்வியின் கல்யாணத்தை ஐப்பசியிலேயே முடித்துவிடலாம் என்று மங்கலம்பேட்டைச் சம்பந்தி வீட்டுக்கு நடையாய் நடக்கிறார்.

பெண்ணைத் தள்ளிவிட்டு அந்தக் கூந்தல்காரியோடு குடித்தனம் நடத்தத்தானே இந்த அவசரம்?

இன்றைக்குப் பெயர் தெரியாமல் விடுவதில்லை. டீத் தட்டோடு கதவோரம் வந்து நின்றாள்.

பழனிவேல் கடைசி வரிக்கு வந்திருந்தார்.

"மார்கழி வாசலில் கோலம் இல்லை. போட்டவள் இல்லை."

செத்தே போகிறாளா? ஞானாம்பாளுக்குப் பாதி நிம்மதி.

"மார்கழின்னாலே கோலம். தேஞ்ச ரெக்கார்டு மாமா" என்றார் இளவரசு. "மாசின்னு மாத்துங்க. யாரும் கோலத்தப் பத்தி நெனைக்காத மாசம். அதான் ஜாஸ்தி உறைக்கும்."

ஆரோக்கியராஜும் ஆமாம் போட்டார்.

கூந்தலை விட்டுக்கொடுத்தவர், புடவையை விட்டுக்கொடுத்தவர், இதற்கு மட்டும் அசையவில்லை.

"மாத்த முடியாது மாப்ள. கார்த்திகை தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

யாரும் பஜ்ஜியை எடுக்கவில்லை.

கதவோரத்தில் ஞானாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள். அவள் கழுத்தில் தாலி ஏறிய அன்று அந்த எலிவாலும் முழங்காலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை இழுத்து முடிந்துகொண்டு, தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். இரண்டு விருந்தாளிகளுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் புருஷன் முன்னால் டீயை வைத்தாள்.

"அவுங்க சொல்றாப்ல மாசின்னே போடுங்களேன்" என்றாள். "தையில கல்யாணம் முடிஞ்சிருக்கும்."