பேட்டரிக்கு இத்தனை கேள்வி

கோமளா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். பட்டாபிராமில் வண்டி ஏறும்போது பிடித்தது, குமணன்சாவடி வந்தும் விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பழம் வாங்க வண்டியை ஓரங்கட்டிய அவள் கணவர் சம்பந்தம், பையோடு திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். 'டிக், டிக்' என்றது. மறுபடி திருப்பினார். அந்தச் சத்தமும் இல்லை.

"இன்னைக்குன்னு பாத்துத்தான் உயிர உடணுமா இது?" என்று ஸ்டியரிங்கில் குத்தினார்.

பின் சீட்டில் மகள் காவ்யாவுக்கு மூச்சு முட்டியது. ஏற்றிய கண்ணாடியை இனி இறக்கவும் முடியாது. அவள் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி அப்பா லாக் போட்டிருந்தார். இந்தப் பக்கம் அம்மா. அவளுடைய போன் அம்மாவின் கைப்பையில்.

அம்பத்தூர் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அருளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன நாளிலிருந்து அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. "அவன் இன்னா ஆளுங்கன்னு தெரிமாடி உனுக்கு?" என்று கேட்டு அறைந்த அப்பா, வேலூரில் அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். நாளைக் காலையில் கோயிலில் தாலி.

கொஞ்சம் தள்ளி ஒரு பேட்டரிக் கடை இருந்தது. சம்பந்தம் கை தட்டிக் கூப்பிட, கடைக்காரர் ஜீவா மீட்டரோடு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"பேட்டரில செல்லு போச்சு சார். வேற வண்டிலேர்ந்து ஜம்ப் குடுத்தாலும் அடுத்த சிக்னல்ல நின்னுடும். மாத்திடுங்க."

"வேலூரு வரிக்கும் போவணும்பா. எதுனா ஒண்ணு சட்டுனு மாட்டு."

"ஏங்க, நாக்கு வறண்டுபோச்சு. தண்ணி வாங்கிகினு வரேன், இவளப் பாத்துக்கோங்க" என்று கோமளா கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் வரும்வரை சம்பந்தம் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். பாட்டிலோடு திரும்பியவள் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீவா இரண்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து இறக்கினார். "இது ரெண்டு வருஷ வாரண்டி. இது நாலு வருஷத்துக்கு மேல வரும், வெல கூட."

"சின்னதே போதும், போடு."

"இன்னாத்துக்கு?" கோமளா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மட்டமானத மாட்டி ஹைவேஸ்ல நின்னுட்டா? மாப்ள ஊட்ல நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?"

காரைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காதவள். சம்பந்தம் அவளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "செரி, பெருசே போடுப்பா" என்றார்.

"இருப்பா" என்றாள் கோமளா. "இது எப்போ செஞ்சது?"

ஜீவா பேட்டரியின் மேலே பொறித்திருந்ததைக் குனிந்து பார்த்தார். "ஏழெட்டு மாசம் இருக்கும்கா. ஒண்ணும் ஆவாது."

"அத்தினி மாசம் கடைல காஞ்சத எங்க தலைல கட்டுறியா? புதுசா வந்தது இல்ல?"

"குடோன்ல கீதுக்கா. பின்னாடி தெருவுல."

"வேற கம்பெனி?"

"அதுவும் அங்கதான்."

"கோமளா, நேரமாவுது!" சம்பந்தம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒருவாட்டி போடப்போறோம், பாத்துப் போட வேணாமா? பழச எடுத்துகினு எவ்ளோ கொறைப்பான்னாவது கேட்டீங்களா?"

காவ்யாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஒரு பேட்டரிக்கு இத்தன கேள்வி கேக்குறியே, மாப்ளயப் பத்தி ஒண்ணாவது கேட்டியாமா?"

"வாய மூடுடி."

மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது. காவ்யா வெளியே பார்த்தாள். கூட்டமான பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஓங்கித் தட்டினால்கூட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றியது.

"நீங்களே குடோனுக்குப் போய்ப் பாத்து எடுத்துகினு வாங்க" என்றாள் கோமளா. "கடக்காரரு பாட்டுக்கு எதையாவது தூக்கியாந்து மாட்டிடுவாரு."

சம்பந்தம் தயங்கினார். மகளைப் பார்த்தார். "இவ?"

"நான் கீறேன்ல? என்னைத் தாண்டி எங்க போயிடுவா?"

அவருக்கு அது போதும். ஜீவாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

காருக்குள் பழ வாசனையும் புழுக்கமும்தான் மிச்சம். காவ்யாவுக்கு அழுகைகூட வரவில்லை. இனிமேல் அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

"அம்மா, போன மட்டும் குடும்மா. என்னத் தேடாதன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுறேன். அப்புறம் நீங்க சொல்றவனுக்குக் கழுத்த நீட்டுறேன்."

கோமளா பின்பக்கக் கண்ணாடி வழியாக ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு லாரியைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் திரும்பி மறைந்தது.

சட்டென்று மணிக்கட்டு விடுபட்டது. விரல்கள் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. கோமளா இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போன ஆட்டோவைப் பொருட்படுத்தாமல் கதவை அகலத் திறந்து பிடித்தாள். கைப்பையிலிருந்த போனை எடுத்து மகளின் மடியில் போட்டாள்.

"தண்ணி வாங்கப் போனப்போ நான்தான் வரச் சொன்னேன், எதிர்ல அருளு நிக்கிறான்... ஓடுடி!"