காலி மிக்சி

சாயங்காலம் எதிரே இருந்த ஆலை புகையைத் திறந்துவிட்டதும் மித்ரன் இரும ஆரம்பித்தான். அம்மா பிரவீணா ஓடிப்போய் மிக்சியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை. சுவரில் அரசாங்கம் பதித்திருந்த பொட்டளவு மைக்குக்கு இருமல் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அடிக்கடி கேட்டால் ‘பிள்ளை வளர்க்க லாயக்கில்லாத வீடு’ என்று வண்டி வந்து பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆலையை யாரும் கொண்டுபோவதில்லை.

ஜன்னலில் பக்கத்து வீட்டு டெய்சி அக்காவின் முகம் தெரிந்தது.

“தினமும் இந்நேரத்துல என்னடி அரைக்கிறே?”

“சட்னிக்கா.”

“வாசனையே வரலியே.”

பிரவீணா மிக்சியை நிறுத்தாமல் அவளையே பார்த்தாள். போன மாதம் மாடி வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோனார்களே, இவள்தான் போட்டுக்கொடுத்திருப்பாளோ? இவளுக்கும்தான் ஒரு பெண் இருக்கிறது, ஒரு நாளாவது இருமிக் கேட்டதுண்டா?

டெய்சி அக்கா வீட்டுக்குள் போன கையோடு அங்கேயும் மிக்சி ஓடத் தொடங்கியது. பிரவீணா சுவரில் காதை வைத்தாள். எதுவும் அரைபடாமல் வெறும் பிளேடு சுற்றுகிற சத்தம். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. அவள் வீட்டு மிக்சி நின்றது. டெய்சி அக்கா வீட்டிலும் நின்றது. மற்ற மாடிகளிலும் கீழேயும் ஓடிக்கொண்டிருந்த மிக்சிகள் எல்லாம் நின்றன. அதன்பிறகு குடியிருப்பு முழுக்க, வீட்டுக்கு வீடு, குழந்தைகள் இருமுவது மட்டும்தான் கேட்டது.

சுவரில் மைக்கின் பச்சை விளக்கு அணையவில்லை.