நாக்கில் வைத்த சுருள்

காலை ஆறே முக்காலுக்கு இசக்கியப்பன் அந்தக் கட்டையைக் கடைசல் எந்திரத்தில் மாட்டினார். வெளிர்மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை. ஆற்றங்கரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. சொப்புச் சாமான்களைக் குழந்தைகள் வாயில் வைப்பார்கள் என்பதால், மரம் எதுவென்று தெரியாமல் அவர் கடைவதில்லை. கொஞ்சம் சீவி, ஒரு சுருளை மரம் பார்க்கும் கருவியின் கண்ணாடியில் வைத்தார்.

"அது யோசிச்சு முடிக்குறதுக்குள்ள நான் சொல்லிருவேன்" என்றாள் அவர் மனைவி பூரணம். அவள் நாக்கில் வைத்தே மரத்தைச் சொல்வாள். துவர்த்தால் கருவேலம், கசந்தால் வேம்பு. தரையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மென்றாள்.

"இனிக்குங்க."

"ஏளா, மரம் எங்கயாவது இனிக்குமா?"

"நீங்களும்தான் வாயில போட்டுப் பாருங்களேன்."

சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். அப்போது கருவியின் திரை சிவந்தது.

'ஆலை மண்ணின் நஞ்சை உறிஞ்ச வளர்த்த மரம். வேலிக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. வாயில் பட்டால் மருந்து இல்லை. பட்டவர் பெயரைப் பதிவு செய்க.'

இசக்கியப்பன் எட்டி அவள் கையைத் தட்டிவிட்டார். சுருள் தெறித்து விழுந்தது.

"இப்ப எதுக்கு அடிக்கீங்க? என்ன மரமாம்?"