பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி

ஆட்டம் முடிய இன்னும் ஒன்றரை நிமிடம். இருபத்திரண்டு புள்ளி முன்னிலை. இனித் தோற்பதென்றால் அதற்கு நேர்த்திக்கடன்தான் வைக்க வேண்டும்.

கல்லூரியின் பாஸ்கெட்பால் கோச் விஜயம் டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எட்டு வருஷமாகக் கைக்கு எட்டாத கோப்பை. முன்வரிசை நாற்காலிகளில் மாநில அணிக்குக் கோச் தேடும் கமிட்டிக்காரர்கள். காப்டன் ராஜமணி முப்பத்தெட்டுப் புள்ளியில் நின்றாள். இன்னும் ஒரு கூடை போட்டால் நாற்பது. அந்த 1974-ஆம் வருஷம் வரை அந்தப் போட்டியில் எந்தப் பெண்ணும் தொடாத எண்.

மூச்சு வந்ததும் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது.

ஆவுடைத்தாய். பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் கூலிக் குடும்பங்கள் இருக்கும் லயத்துப் பெண். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடப் பயிற்சிக்குத் தவறாதவள், ஒரு ஆட்டத்தில்கூட இறங்காதவள். இது அவளுக்குக் கடைசி ஆட்டம். ஒரு நிமிடம் களத்தில் நின்றால் போதும், ஸ்கோர் ஷீட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி விழும். அந்தக் குறி இருந்தால் சர்ட்டிபிகேட். சர்ட்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலை. இல்லையென்றால் அம்மாவோடு கொழுந்து கிள்ளப் போக வேண்டியதுதான். கட்டாயம் இறக்குகிறேன் என்று விஜயம் காலையில்கூடச் சொல்லியிருந்தாள்.

"ஆவுடை, வேகம் இறங்கு!"

அவள் எழுந்திருக்கவில்லை.

விஜயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கெஞ்சிவிட்டு இப்போது என்ன கூச்சம்?

ஆவுடைத்தாய் கால்களை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

வெறுங்கால்.

முதல் பாதியில் ராஜமணியின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. அவளுடைய பெரிய காலுக்கு ஆவுடையின் ஷூ மட்டும்தான் சேர்ந்தது. கழற்றிக் கொடுக்கச் சொன்னது விஜயம்தான். மறந்ததும் அவள்தான். வெறுங்காலோடு யாரையும் ரெஃபரி உள்ளே விடமாட்டார்.

வழி இல்லாமலில்லை. ஒரு டைம் அவுட் கைவசம் இருந்தது. ராஜமணியை வெளியே கூப்பிட்டு, ஷூவை மாற்றி, இவளை அனுப்பிவிடலாம்.

விஜயம் ராஜமணியைப் பார்த்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். கை உயரவில்லை.

பந்து கூடைக்குள் விழுந்தது. நாற்பது. கொஞ்ச நேரத்தில் விசில்.

மைதானமே கத்தியது. முதலில் எழுந்து கைதட்டியது ஆவுடைத்தாய்தான், திருவனந்தபுரத்து மத்தியான வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரையில் கால் மாற்றிக் கால் வைத்தபடி. விஜயத்துக்கு வெட்கத்தில் காதுமடல் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே, எல்லோர் முன்னாலும் என்று நினைத்துக்கொண்டே போய்க் கோப்பையை வாங்கினாள்.

பத்திரிகைக்குப் படம் எடுக்க, சாலை பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தங்கையன் வந்திருந்தார். ஆவுடைத்தாயை விஜயமே கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். அவள் தோளில் கையும் போட்டுக்கொண்டாள்.

பிறகு தங்கையனிடம் சொன்னாள்: "காலெல்லாம் தெரிய வேண்டாம், கேட்டோ. இடுப்புக்கு மேல எடுத்தா போதும்."